ஐயமும் அமைதியும்: புதுக்கோட்டைக் குன்றுகள் கூறும் அறம்

நம் இல்லங்களில் பேசப்படாமலே கிடப்பனவற்றுள் முதன்மையானது மனத்துள் எழும் ஐயம். நோயுற்ற தாயின் பொருட்டு நோற்ற நோன்பு பயன் தருமா? நேர்மையாக வாணிகம் செய்பவர் நலிந்திருக்கப் பொய்யுரைப்பவர் செழிப்பது எதனால்? வெளியூர் விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளை, இரவில் உண்ணாமை என்னும் ஒழுக்கத்தைக் காக்க இயலுமா? காக்க இயலாதபோது அவன் நம்மவன் அல்லனாகி விடுவானா? இவை போன்ற வினாக்கள் எழாத சிராவகக் குடும்பம் இன்று அரிது. ஆயினும் இவற்றை வாய்விட்டுக் கேட்பார் சிலரே. கேட்கத் துணியும் இளையோரையும், "இப்படியெல்லாம் ஐயப்படலாகாது" என்று பெரியோர் அடக்கி விடுகின்றனர். அடக்கப்பட்ட வினா அழிவதில்லை. உள்ளே தங்கி உறக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் காலப்போக்கில் அறத்தின்பால் வெறுமையாகவும் மாறி விடுகிறது.

ஐயத்தைப் பற்றி நம் முன்னோர் உண்மையில் என்ன கருதினர்? அதற்கு நூல்களும் விடை தருகின்றன. இம்மாவட்டத்துக் குன்றுகளும் விடை தருகின்றன. இரண்டையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்றுகள் சூழ்ந்த நாடு

திருவரங்குளம், புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே ஆலங்குடி செல்லும் வழியில் உள்ள பழம்பதி. அரங்குளநாதர் கோயிலால் பெயர் பெற்றது. அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழி எழுத்துடைய நடுகல், இப்பகுதியில் எழுத்தறிவு எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டும். இங்கிருந்து மேற்கு நோக்கிச் சென்று புதுக்கோட்டை நகரைக் கடந்தால், சமவெளியின் நடுவே பாறைக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றத் தொடங்கும். சித்தன்னவாசல், நார்த்தாமலை, தேனிமலை, செட்டிபட்டி என நீளும் ஊர்களின் வரிசையில் சமணத்தின் சுவடு இல்லாத இடம் குறைவு. வயல்களிலும் குளக்கரைகளிலும் கண்டெடுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பல, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை இன்று அணி செய்கின்றன.

இவ்விடங்களைச் சுற்றுலாத் தலங்களாகவே பலரும் காண்கின்றனர். அங்கு வாழ்ந்தோர் எதற்காக அங்கு வாழ்ந்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால், அவை மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிக்கூடங்களாகவும், ஐயம் தீர்க்கும் பள்ளிகளாகவும் இருந்தமை புலப்படும். 'பள்ளி' என்னும் சொல் துறவியர் உறையும் இடத்தையும் கல்வி பயிலும் இடத்தையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது.

ஏழடிப்பாட்டமும் ஒரு கற்படுக்கையும்

சித்தன்னவாசல் மலையின் உச்சிக்கருகே ஏழடிப்பாட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு அடிக்குழிகளில் கால் வைத்து அதனை அடைய வேண்டியிருந்ததால் அப்பெயர் பெற்றது. உள்ளே, தலையணை போலத் தலைப்பகுதி சற்றே உயர்ந்து, வழவழப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதும் பழையதுமான ஒன்றின்மேல் ஒரு தமிழிக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. கி.மு. முதல் நூற்றாண்டு அளவினதாக அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பாருக்குச் சிறுபோசிலைச் சேர்ந்த இளையர் என்பார் செய்தளித்த இருக்கை அது என்று தெரிவிக்கிறது. எருமிநாடு என்பது கருநாடகத்து மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'அதிட்டானம்' என்னும் சொல்லே அங்கு இருக்கையைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது.

தொலைநாட்டில் பிறந்த ஒருவர் இக்குன்றுக்கு வந்தார். இந்நாட்டவர் ஒருவர் அவருக்குத் தங்கக் கல்லை இழைத்துக் கொடுத்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் நிகழ்ந்த அறச்செயல்களுள் பெயரோடு நமக்குக் கிடைத்திருப்பது இது. அமைதியாக அமர்வதற்கு ஓர் இடம் தருவதே அங்கு அறமாயிற்று. பின்னும் பல நூற்றாண்டுகள் அக்குகையில் துறவியர் வாழ்ந்தனர் என்பதற்கு, ஏனைய படுக்கைகளின் அருகே ஏழாம் நூற்றாண்டு முதலாகப் பொறிக்கப்பட்ட பெயர்கள் சான்று பகர்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்காலம் ஒரே குகையில், ஒருவர்பின் ஒருவராக, மனத்தை அடக்கும் முயற்சி தொடர்ந்திருக்கிறது. மன அமைதி என்பது ஒரு நாளில் கைகூடுவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கௌதமர் கொண்ட ஐயம்

சித்தன்னவாசலின் மற்றொரு பகுதியான அறிவர் கோயிலுக்குச் செல்லுமுன், நம் புராண மரபில் இடம்பெற்ற ஓர் ஐயத்தை நினைவு கொள்வோம்.

மகாவீரர் கேவல ஞானம் எய்திய பின்னர் 66 நாள்கள் திவ்யத்தொனி எழவில்லை. அதனை ஏற்றுப் பொருள் விரிக்கும் கணதரர் இல்லாமையே காரணம் என்று உணர்ந்த இந்திரன், வேத வேதாந்தங்களில் வல்லவராகிய இந்திரபூதி கௌதமரிடம் முதியவர் உருவில் சென்று, ஆறு திரவியம் முதலாயவற்றைக் கூறும் ஒரு செய்யுளுக்குப் பொருள் கேட்டான். கற்றறிந்த கௌதமருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. "உன் ஆசிரியரிடமே வந்து உரைப்பேன்" என்று தம் மாணாக்கர் சூழப் புறப்பட்டார். சமவசரணத்தின் முன்னே நின்ற மானத்தம்பத்தைக் கண்ட அளவில் அவர் செருக்கு அகன்றது. ஐயம் தெளிந்தது. அவரே முதற்கணதரர் ஆனார். ஆவணித் தேய்பிறை முதல்நாள் என்று வடநாட்டார் கணக்கிடும் அந்நாளில் விபுலகிரியில் திவ்யத்தொனி எழுந்தது. அதனையே வீரசாசன ஜயந்தி எனக் கொண்டாடுகிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜினவாணி உலகிற்குக் கிடைக்க வாயிலாக அமைந்தது, ஒருவருக்கு விடை தெரியாமல் போன ஒரு வினா. கௌதமர் ஐயுற்றமையால் இகழப்படவில்லை. ஐயத்தை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் பெரும்புலவராகவே முடிந்திருப்பார். கணதரர் ஆகியிருக்க மாட்டார். மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய அந்நாளின் மாலையிலேயே கௌதமர் கேவல ஞானம் எய்தினார் என்பது மரபு. தீபாவளியன்று நாம் ஏற்றும் விளக்கில், ஐயம் முற்றும் நீங்கிய அவ்வாசிரியரின் நினைவும் ஒளிர்கிறது.

அறிவர் கோயிலில் இளங்கௌதமன்

சித்தன்னவாசல் குன்றின் மேற்புறச் சரிவில் குடைந்தெடுக்கப்பட்ட குடைவரையே அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், அதன் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்தவர் ஒரு சமண ஆசிரியர் என்று அங்குள்ள செய்யுள் வடிவக் கல்வெட்டு கூறுகிறது. அவர் பெயர், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். முதற்கணதரரின் பெயரையே தாங்கியவர், ஆசிரியர் என்னும் பட்டத்தோடு, இக்குன்றில் திருப்பணி செய்திருக்கிறார். அவர் எடுத்த முகமண்டபம் பிற்காலத்தில் வீழ்ந்துபட்டது. இன்று முகப்பில் காணும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டவை.

உள்மண்டபத்தின் தென்சுவரில் அரவுக்குடையின்கீழ் அமர்ந்த பார்சுவநாதரும், வடசுவரில் ஒற்றைக்குடையின்கீழ் அமர்ந்த ஓர் ஆசிரியரும் எதிரெதிராக வடிக்கப்பட்டுள்ளனர். ஆசிரியரின் உருவத்தருகே 'திருவாசிரியன்' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. கருவறையின் பின்சுவரிலும் முக்குடை உடைய தீர்த்தங்கரர் இருவரோடு ஒற்றைக்குடை உடைய ஆசிரியர் ஒருவர் உடன் அமர்ந்திருக்கிறார். குடையின் எண்ணிக்கையில் வேறுபாடு உண்டு. அமர்ந்த அமைதியில் வேறுபாடு இல்லை. முற்றறிவுடையோர் நம் காலத்தில் இலர். அவர்தம் மொழியை எடுத்துரைத்து ஐயம் அகற்றும் ஆசிரியரே நமக்கு வாயில். அதனால்தான் ஆசிரியருக்கும் கருவறையில் இடம் தரப்பட்டது போலும்.

மேலே நோக்கினால் உலகப் புகழ்பெற்ற தாமரைக்குளம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் திளைக்கும் நீரில் இறங்கி ஆடவர் மலர் பறிக்கும் அந்த ஓவியம், காலத்தாலும் மனிதக் கையாலும் சிதைந்தும் எஞ்சி நிற்கிறது. அதனை வெறும் இயற்கைக் காட்சி என்று கொள்வார் உளர். சமவசரணத்தின் இரண்டாம் பகுதியாகிய காதிகா பூமி, அஃதாவது அகழிநிலம், அது என்பது பொருந்திய விளக்கம். பவ்வியர்கள் அறவுரை கேட்கும் அவையை அடையுமுன் இந்நீர்நிலையைக் கடந்து செல்கின்றனர். அறவுரை பின்னர், நீராடிக் குளிர்தல் முன்னர். கலங்கிய உள்ளத்தோடு விடையைத் தேடி ஓடாதே, முதலில் குளிர்ந்து அமை என்று அக்கூரை சொல்லுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அம்மண்டபத்தில் அமர்ந்து தியானம் செய்த ஒவ்வொருவர் தலைக்குமேலும் அக்குளம் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கருவறை சிறியது. அதன் விதானத்தில் அறவாழி செதுக்கப்பட்டுள்ளது. நடுவே நின்று மெல்ல 'ஓம்' என்று ஒலித்தால், அவ்வொலி சுவர்களில் பட்டு அதிர்ந்து உடல் முழுவதும் நிறைவதைச் சென்றவர் அனைவரும் உணர்ந்திருப்பர். உரக்கக் கூவுவோருக்கு அவ்வனுபவம் வாய்ப்பதில்லை. தாழ்ந்த, சீரான ஒலிக்கே கல் மறுமொழி தருகிறது.

தேனிமலையில் ஒரு வேளிர் தலைவன்

தேனிமலையிலுள்ள கல்வெட்டு ஒன்று அளவில் சிறியது, பொருளில் பெரியது. மலையத்துவசன் என்னும் துறவி அம்மலையில் தவம் செய்யக் கண்டு, இருக்குவேள் ஒருவன் அவரை வணங்கி, அவர் உணவின் பொருட்டுப் பள்ளிச்சந்தமாக நிலம் அளித்தான் என்று அது கூறுகிறது. கொடும்பாளூரைத் தலைநகராகக் கொண்ட இருக்குவேளிர் போர்த்தொழிலில் வல்லவர். பாண்டியருக்கும் பல்லவருக்கும் சோழருக்கும் இடையே ஓயாத போர் நிகழ்ந்த நிலப்பகுதியில் ஆட்சி செய்தவர். அவன் துறவியிடம் ஏதேனும் கேட்டதாகவோ அவர் விடை கூறியதாகவோ கல்வெட்டில் இல்லை. அமைதியாக அமர்ந்த ஒருவரைக் கண்டான் என்று மட்டுமே உள்ளது. சொல்லால் தீராத கலக்கம் சில வேளைகளில் அமைந்த மனிதர் ஒருவரைக் காண்பதாலேயே தீர்கிறது. நம் வீட்டில் சாமாயிகத்தில் அமரும் பாட்டியைப் பேரப்பிள்ளை காண்பதும் இத்தகையதே.

நூல் வகுத்த நெறி

இனி நூல்வழி காண்போம். தசலக்ஷண நாள்களில் நாம் ஓதும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், நற்காட்சிக்கு நேரும் குற்றங்கள் ஐந்தினுள் ஐயத்தை முதலாவதாக வைக்கிறது. ஆனால் அக்குற்றத்திற்கு அது இட்ட பெயர் 'அதிசாரம்' என்பதாகும். அதிசாரம் என்பது விரதத்தில் நேரும் கீறல். விரதம் முறிந்து போவதை அநாசாரம் என்பர். கீறல் விழுந்த பாத்திரத்தை யாரும் எறிவதில்லை, சீர் செய்கின்றனர். எனவே, ஐயம் தோன்றிய அளவிலேயே தாம் அறத்திலிருந்து வழுவிவிட்டதாக ஒருவர் அஞ்ச வேண்டுவதில்லை.

அந்நூலின் ஒன்பதாம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயம் ஒன்று. அதற்கு ஐந்து உறுப்புகள். ஓதுதல் முதலாவது, ஐயம் தீர வினவுதல் இரண்டாவது. அதனைப் 'பிருச்சனை' என்பர். சிந்தித்தல், பிழையறப் பயிலல், அறம் உரைத்தல் ஆகியன ஏனைய மூன்று. ஆக, உள்ளத்துள் புதைத்து வைத்த ஐயம் குற்றம்; அதே ஐயம் தக்கோரிடம் பணிவோடு வினவப்படும்போது தவம். இவ்வேறுபாட்டை நாம் மறந்ததனால்தான் வினவும் பிள்ளையைக் கடிந்து, மறைக்கும் பிள்ளையை நல்லவன் என்கிறோம்.

அன்றாட மனக்கலக்கத்தையும் நம் ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். தியானம் நான்கினுள் முதலாவதாகிய ஆர்த்தத் தியானத்தை அவர்கள் நான்காக வகுத்தனர். விரும்பியதன் பிரிவை எண்ணி வருந்துதல், விரும்பாதது வந்து சேர்ந்தமைக்கு வருந்துதல், நோயின் வேதனையையே எண்ணிக்கொண்டிருத்தல், இனி வரவேண்டிய இன்பத்திற்கு ஏங்குதல் என்பன அவை. உறக்கம் வராத இரவில் நம் மனம் எதனைச் சுற்றுகிறது என்று பார்த்தால் இந்நான்கனுள் ஒன்றில் அடங்கும். கலக்கத்திற்குப் பெயரிட்டு விட்டாலே அதன் வலிமை பாதி குறைந்து விடுகிறது. ஒரே நினைவில் ஊன்றி நிற்பதே தியானம் என்பதால், கவலையையும் அவர்கள் தியானம் என்றே அழைத்தனர். கவலைப்படத் தெரிந்தவருக்குத் தியானிக்கத் தெரியாது என்று சொல்ல இயலாது. ஊன்றும் பொருளை மாற்றுவதே வேண்டுவது.

அம்மாற்றத்திற்கு இல்லறத்தாருக்கு வகுத்த வழி சாமாயிகம். இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பின்றிச் சமநிலையில் அமர்தல் மரபு. அத்துணை நேரம் அமர இயலாதார் காயோற்சர்க்கத்திலிருந்து தொடங்கலாம். ஒரு முறை நமோகார மந்திரத்திற்கு மூன்று மூச்சு. ஒன்பது முறைக்கு 27 மூச்சு. உடலை மறந்து அசையாது நின்று அல்லது அமர்ந்து இதனைச் செய்யச் சில நிமிடங்களே ஆகும். மூச்சைக் கணக்கிடும் உள்ளம் அதே வேளையில் கவலையைக் கணக்கிட முடியாது. அதன் பின்னரே நிலையாமை முதலான பன்னிரு அநுப்பிரேட்சைகளுள் தமக்கு ஏற்ற ஒன்றை எண்ணுதல் வேண்டும். பொன்னூர் மலையில் திருவடி பதித்த குந்தகுந்தாசாரியர் இப்பன்னிரண்டனையும் குறித்துத் தனிநூலே இயற்றியுள்ளார். அன்று செய்த பிழைகளை எண்ணி வருந்தி, மீண்டும் செய்யாதிருக்க உறுதி கொள்ளும் பிரதிக்கிரமணம் இரவுக்குரியது. பிழையை அன்றே இறக்கி வைத்தவர் அதனைத் தலையணைக்கு எடுத்துச் செல்வதில்லை.

ஆறாவது உறுப்பு

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. முதலாவது ஐயமின்மை. இதனை அனைவரும் அறிவர். ஆறாவதோ, வழுவ நேர்ந்தாரை நெறியில் நிலைநிறுத்துதல். ஐயமே எவருக்கும் தோன்றாது என்று ஆசாரியர்கள் கருதியிருப்பின் ஆறாவது உறுப்புக்குத் தேவையே இராது. தளர்வார் இருப்பர் என்று அறிந்தே, அவரைத் தாங்கும் கடமையை அருகில் இருப்பார்மேல் வைத்தனர்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் சிரேணிக மன்னனின் மகனாகிய வாரிசேணர். அவரோடு துறவு பூண்ட தோழர், உடலால் துறவியாயிருந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் இல்லாளையே நினைத்து உருகினார். இதனை உணர்ந்த வாரிசேணர் அவரைக் கடிந்துரைக்கவில்லை. பிறரிடம் சொல்லி நாணச் செய்யவும் இல்லை. தம் அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் மனைவியரையும் காட்டினார். கண்ட அளவில் தோழரின் உள்ளம் தானே தெளிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் ஐயத்தோடு வாழ்ந்திருக்கிறார். அத்துணை ஆண்டுகளும் ஒரு நண்பர் அவரைக் கைவிடாதிருந்திருக்கிறார். கதையின் உயிர் இதுவே.

இன்று நமக்குரியது

புதுக்கோட்டைக் குன்றுகளில் இன்று துறவியர் இலர். நார்த்தாமலையின் சமணர் குடகு 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாயிற்று. செட்டிபட்டிச் சமணர் குண்டில் ஐஞ்ஞூற்றுவப் பெரும்பள்ளி என்று வணிகர் குழுவின் பெயரால் விளங்கிய பள்ளி இடிபாடாகக் கிடந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏழடிப்பாட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி உள்ளது. ஐயம் எழுந்தால் மலையேறிச் சென்று வினவ ஒரு திருவாசிரியன் முன்பு இருந்தார். இப்போது அவ்விருக்கை வெறுமையாக உள்ளது. முனிவர்கள் விகாரம் செய்து நம் ஊர்களுக்கு எழுந்தருளும் நாள்கள் ஆண்டில் சிலவே.

எஞ்சிய நாள்களில் அந்த ஆறாவது உறுப்பு நம் இல்லங்களைச் சேர்கிறது. இத்திருவிழாக் காலத்தில் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். வீட்டில் ஒரு மூலையைச் சாமாயிகத்திற்கென ஒதுக்குதல். அது இளையர் செய்தளித்த கற்படுக்கைக்கு நிகராகும். நாள்தோறும் மாலையில் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கமர்ந்து 27 மூச்சு காயோற்சர்க்கம் செய்தல். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் எந்த வினாவையும் அச்சமின்றிக் கேட்க இடமளித்தல். விடை தெரியாதபோது, "எனக்குத் தெரியவில்லை, கற்றவரிடம் சேர்ந்து கேட்போம்" என்று சொல்வது பெற்றோருக்கு இழுக்காகாது. கௌதமரும் அவ்வாறு புறப்பட்டவரே.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கேள்வி கேட்ட மாணவர் எவரும் பாடத்தை வெறுத்ததில்லை. கேட்க அஞ்சியவரே பின்னர் விலகிச் சென்றனர். அறத்திற்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகள் நம்மை விட்டுத் தொலைவில் வாழப் போகின்றவர்கள். அவர்களுக்கு நாம் எல்லா விடைகளையும் கட்டிக் கொடுத்தனுப்ப இயலாது. கலங்கும்போது அமரும் பழக்கத்தையும், ஐயுறும்போது வினவும் துணிவையும் கொடுத்தனுப்பலாம். ஈதன் என்னும் அத்துறவி தொலைநாட்டிலிருந்து இக்குன்றுக்கு வந்தபோது அவரோடு வந்தவையும் இவ்விரண்டாகவே இருந்திருக்கும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் அமைதி பெறுக.